முதுகுக்குப் பின்னால் ஒரு சுண்டுவிரல்

எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் பேனரில் ‘நேஷனல்’ என்றும் ‘சிம்பொனி’ என்றும் இரண்டு சொற்கள் இருந்தன. நேஷனல் என்றால் வடக்கே கோவளம், தெற்கே செய்யூர், மேற்கே சிங்கப்பெருமாள் கோயில். அதைத் தாண்டி ஒரு கச்சேரிகூட நாங்கள் செய்ததில்லை. சிம்பொனி என்றால் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, தபலா, கிடார், டிரம்பெட், பாடுவதற்கு இரண்டு பேர். கீபோர்டு வாசித்தவர்தான் ஓனர். செங்கல்பட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெண் குரல் நான். தொண்ணூற்றிரண்டில் சேர்ந்து ஆறு வருடம் பாடினேன். “குரல் சுமார்தான், கையெழுத்து முத்து” என்று ஓனர் என் எதிரிலேயே சொல்வார். கோபம் வரும். ஆனாலும் பாட்டு லிஸ்ட் எழுதத்தான் என்னை வைத்திருக்கிறாரோ என்று எனக்கே சந்தேகம் இருந்தது.

அந்த லிஸ்ட் சாதாரண விஷயமில்லை. மைக் பர்மிஷனுக்கு ஸ்டேஷனில் விண்ணப்பம் கொடுக்கும்போது என்னென்ன பாட்டு பாடப்போகிறோம் என்று கார்பன் வைத்து மூன்று காப்பி எழுதித் தர வேண்டும். நான் சேருவதற்கு முந்தின வருடத்திலிருந்து எங்கள் பக்கம் நாலு பேர் கூடினாலே போலீஸ் கேள்வி கேட்கும் நிலைமை. லிஸ்டை வாங்கி ஒரு ஏட்டு சிவப்பு மையால் அடிப்பார். ‘சூரியன்’ என்ற சொல் வந்தால் அடி. ‘இலை’ வந்தால் அடி. கை, தாமரை, மாம்பழம் எல்லாவற்றுக்கும் அடிதான். காதல் பாட்டில் இவையெல்லாம் இல்லாமல் வேறு என்ன இருக்கப்போகிறது? ஒரு தடவை முப்பது பாட்டில் பதினொன்று மிஞ்சியது. அதில் நாலு சாமி பாட்டு.

ஆட்சி மாறினால் லிஸ்டும் தலைகீழாகும். நேற்றுவரை அடித்த பாட்டை இன்றைக்கு ஏன் எழுதவில்லை என்று அதே ஏட்டு கேட்பார். ஓர் ஊரில் பாதிப் பாட்டில் மைக் ஒயரை அறுத்தார்கள். அடுத்த ஊரில் அதே பாட்டை மூன்று தடவை பாட வைத்தார்கள். கட்சி எங்களுக்கு எதுவும் கிடையாது. ஓனர் சொல்வார், “நம்ம கட்சி ஆம்ப்ளிஃபயர் கட்சி. அது வூடு வந்து சேந்தா போதும்.”

இதில் எந்தத் தாளிலும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. விழாவுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால், அவர் பந்தலுக்குள் கால் வைக்கும்போது அவருடைய கட்சி மெட்டு ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் விழா நடத்துகிறவர் முகம் சுருங்கிவிடும். வேறு கட்சி மெட்டு ஒலித்துவிட்டால் நாற்காலி பறக்கும். அதனால் பாடிக்கொண்டிருக்கும் பாட்டை அப்படியே விட்டுவிடுவோம். டிரம்பெட் மெட்டை எடுக்கும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

டிரம்பெட் வாசித்தவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கோவளம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். மெலிந்த ஆள்தான், ஆனால் ஊதினால் மைக் இல்லாமலே மற்ற எல்லோரையும் அமுக்கிவிடுவார். அதனால் ஓனர் அவருடைய நாற்காலியை ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் போட்டுவிடுவார். அங்கிருந்து பந்தல் வாசல் தெரியாது. தெரிவது முன்னால் நிற்கும் என் முதுகு மட்டும்.

வாசலைப் பார்ப்பது என் வேலை. வருகிறவரின் வேட்டிக் கரையைப் பார்த்தால் கட்சி தெரிந்துவிடும். பாடிக்கொண்டே வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவேன். கட்டைவிரலை நீட்டினால் ஒரு கட்சி, சுண்டுவிரலை நீட்டினால் இன்னொரு கட்சி. கையை மூடினால் நிறுத்து. விரல் நீண்ட அடுத்த நொடி டிரம்பெட் எழும். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எங்கள் குழுவைத் தவிர யாருக்கும் இது தெரியாது. போகப் போக விரல் என்னைக் கேட்காமலே நீள ஆரம்பித்திருந்தது, அதை நான் கவனிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஒரு தேர்தல் நேரம். எனக்கு இருபத்தெட்டு வயது. நாலாவது தடவை பரீட்சை எழுதி, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகத் தேர்வாகியிருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும். திருப்போரூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஏட்டு வந்து, காபி குடித்துவிட்டு, “கேஸு கீஸு எதுவும் இல்லியே?” என்று கேட்டார். மாதக் கடைசியில் ரிப்போர்ட் போய்விடும் என்றார். அதுவரை எந்த ஸ்டேஷன் தாளிலும் என் பெயர் ஏறக்கூடாது. அப்பா தினமும் காலண்டரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். 

அப்படியிருக்க ஏன் பாடப் போனாய் என்று கேட்கலாம். ஓனருக்கு வேறு பெண் குரல் கிடைக்கவில்லை, இந்த ஒன்றை மட்டும் முடித்துக் கொடு என்று கெஞ்சினார். வீட்டில் அதைத்தான் சொன்னேன். நிஜத்தில் கடைசியாக ஒரு தடவை மைக் பிடிக்க எனக்கே ஆசையாக இருந்தது.

மாமல்லபுரத்துக்கு முன்னால் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். அங்கே ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவரின் பேரன் பேத்திக்குக் காதணி விழா. காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை மைக் பர்மிஷன் கிடைத்தது. நான் எழுதிய விண்ணப்பத்தில்தான் ஓனர் கையெழுத்துப் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். கொடி கூடாது, கட்சிப் பாட்டு கூடாது, யார் வந்தாலும் வரவேற்பு மெட்டு கூடாது. “மீறினா வாசிச்சவன், வாசிக்கச் சொன்னவன், ரெண்டு பேர் மேலயும் கேஸு” என்றார்.

போகும்போது வேனில் பாய் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிரம்பெட் பை.

“இன்னாம்மா, உன் வெரிஃபிகேஷன் இன்னா ஆச்சி?”

“மாசக் கடைசில போவும்னாங்க பாய்.”

“என்தும் அதே கததான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுகீறேன். மச்சான் குவைத்துல டெய்லர் விசா பாத்து வச்சிகிறான். ஸ்டேஷன்ல ஒரு கையெழுத்து வுழுந்தா போதும். அதுவரிக்கும் நீயும் நானும் வாலச் சுருட்டிகினு இருக்கணும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். முன் சீட்டிலிருந்து ஓனர் திரும்பி, “இன்னிக்கி வெரல் வேல கெடையாது. புரிஞ்சிதா?” என்றார். புரிந்தது. மேடை ஏறியதும் வலது கையில் பாட்டு நோட்டைப் பிடித்துக்கொண்டேன். கை பின்னால் போகாமலிருக்க நானே கண்டுபிடித்த வழி அது. என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பாடினேன்.

பதினொன்றரைக்கு மேல் கடல் காற்று எழுந்தது. நோட்டுப் பக்கங்கள் படபடவென்று புரள ஆரம்பித்தன. ஒரு கையில் மைக், ஒரு கையில் நோட்டு, பக்கம் நிற்கவில்லை. நோட்டை ஸ்டாண்டில் வைத்துத் தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்தேன். வலது கை காலியானது.

அந்த நேரம் விழா நடத்தியவர் மேடைக்கு வந்து ஓனர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. “பெரியவர் பன்னெண்டு மணிக்கு வராரு. மேடைக்குல்லாம் வரமாட்டாரு, சாப்ட்டுட்டுப் பூடுவாரு. தேர்தல் நேரம், கரை இல்லாத வேட்டிலதான் வருவாரு. யாரும் கண்டுக்காதீங்க.”

அந்தப் பெரியவர் சுண்டுவிரல் கட்சிக்காரர். கண்டுக்காதீங்க என்றுதான் சொன்னார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் கரை இல்லாத வெள்ளை வேட்டியுமாக ஒருவர் இறங்கினார், பின்னால் இரண்டு பேர். விழா நடத்தியவர் துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினார். நான் சரணத்தின் நடுவில் இருந்தேன். என் வலது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. சுண்டுவிரல் நீண்டிருந்தது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், டிரம்பெட் எழுந்த பிறகுதான்.

பாய் எப்போதும்போல முழு மூச்சில் ஊதினார். ரிதம் பேடு சேர்ந்துகொண்டது. பந்தலில் விசில் பறந்தது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து பார்த்தார்கள். வாசலில் நின்றவர் கையைத் தூக்கினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னாலிருந்து அந்த சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்ததும்தான் அது வணக்கமில்லை என்று உறைத்தது. கையை மூடினேன். டிரம்பெட் பாதியில் நின்றது.

வந்தவர் தேர்தல் வேலையில் இருந்த துணை தாசில்தார். அன்று முகூர்த்த நாள். சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தவரைப் புகார் வந்தது என்று அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். எந்தக் கட்சியும் இல்லாத அரசு அதிகாரிக்கு ஒரு கட்சியின் மெட்டு வாசித்து வரவேற்பு கொடுத்திருந்தோம். எதிர்க் கட்சிக்காரர் ஒருவர் உறவுமுறை என்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவாமலே எழுந்து, “ஆபீசருக்கே கட்சிப் பாட்டா? நல்லாகீது நியாயம். நாளைக்கே கலெக்டருக்கு மனு குடுக்கறேன்” என்றார். துணை தாசில்தார் முகத்தில் ரத்தமே இல்லை. இனி கேஸ் போடாவிட்டால் அவர் வேலைக்கே ஆபத்து. எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை. என் வேலையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழாவை வீடியோ எடுத்தவரின் கேமராவை சப்-இன்ஸ்பெக்டர் கையோடு வாங்கிக்கொண்டார். விழா வீட்டு ஹாலில் டி.வி.யும் டெக்கும் இருந்தன. ஓனர், பாய், நான் மூவரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கேசட்டைப் போட்டார்கள். வெளியே பந்தி முடிந்து அண்டாக்களை இழுக்கும் சத்தம் கேட்டது. 

கேமராக்காரர் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்திருந்தார். திரையில் நான் பாடிக்கொண்டிருந்தேன். என் முகம், தோள், மைக், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கேமரா கொஞ்சம் பின்னால் வந்தால் என் முதுகும் தெரியும். வலது கை நோட்டை விட்டது. தண்ணீர் டம்ளர் நோட்டுமேல் உட்கார்ந்தது. விழா நடத்தியவர் வந்து ஓனர் காதில் பேசிவிட்டுப் போனார். நான் மறுபடி சரணம் எடுத்தேன். கை மெல்லத் தொங்கியது, பின்னால் நகர ஆரம்பித்தது.  பக்கத்தில் நின்ற பாயும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கேமரா சட்டென்று வாசல் பக்கம் திரும்பியது. வெள்ளை அம்பாசிடர். வெள்ளை வேட்டி. பெரிய மனிதர் வருகிறார் என்றால் எந்த வீடியோக்காரர் பாடகியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்? மெட்டு முழுக்க வாசல்தான் தெரிந்தது. கேமரா மேடைக்குத் திரும்பியபோது என் இரண்டு கைகளும் மைக்கில் இருந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் டி.வி.யை அணைத்தார். “யார்யா ஊதனது?”

“நான்தான் சார்” என்றார் பாய்.

“யார் சொன்னா? பெட்டிக்குப் பின்னால ஒக்காந்துகினு இருந்தியே, ஆள் வர்றது உனக்கு எப்டித் தெரிஞ்சிது?”

பாய் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “நீதானம்மா முன்னாடி நின்ன. யாராவது சைகை காட்டினாங்களா?”

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. நேரம் இல்லை, வாய் தவறி வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். காலண்டரைப் பார்க்கும் அப்பாவை நினைத்தேன். வேனில் பாய் சொன்ன குவைத்தையும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

“யாரும் காட்டல சார். அவராதான் வாசிச்சாரு.”

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. “ஆமா சார். நானாதான் வாசிச்சேன்” என்றார்.

பெயர் கேட்டார்கள். ஆறு வருடம் கூடவே வேனில் வந்த மனிதரின் முழுப் பெயரை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டேன். பெயரைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. அப்பா பெயர் கேட்டார், தாத்தா பெயர் கேட்டார், சொந்த ஊர் கோவளம்தானா என்று இரண்டு தடவை கேட்டார். ஓனரிடம் பெயரையும் கடை முகவரியையும் மட்டும் வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “நீ போம்மா” என்றார்.

வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்போது இல்லை. வெளியே வந்து கொல்லைப்புறக் குழாயில் முகம் கழுவியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் போனது. அடுத்த மாதம் எனக்கு ஆர்டர் வந்தது. பாய் வாய்தா வாய்தாவாகச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அலைந்தார். இரண்டு வருடம் கழித்து அபராதத்தோடு விட்டார்கள். அதற்குள் குவைத்து விசா கைமாறிவிட்டது. கேஸ் நடக்கிறது என்று பாஸ்போர்ட்டும் நின்றுபோனது. இதெல்லாம் ஓனர் சொல்லித் தெரிந்தது. அவரும் என்னிடம் அதற்குமேல் எதுவும் சொன்னதில்லை.

ஒரு தடவை சொல்லிவிடுவது என்று கோவளம் போனேன். கையில் ஒரு ரவிக்கைத் துணி. பாய் மெஷினில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “வேல கெட்ச்சிருச்சாமே? நல்லாருமா” என்றார். துணியை வாங்கி ஓரமாக வைத்தார். அப்புறம் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் நான் எதைச் சொன்னாலும் கேட்டிருக்காது. நான் போகும்வரை அவர் மிதியை நிறுத்தவில்லை. ரவிக்கையை வாங்க நான் திரும்பப் போகவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இன்னொரு தேர்தல். இப்போது துணை தாசில்தார் நான். ஜீப், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒருவர். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குக் கோவளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் வெளியே கட்டியிருக்கிறது, பர்மிஷன் இருக்கிறதா பாருங்கள் என்று போன் வந்தது. போனேன். வரவேற்புக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. பேனரில் நேஷனலும் இல்லை, சிம்பொனியும் இல்லை. வெறும் ‘இன்னிசை’ என்று இருந்தது. முன்னால் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். குரல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

மேடைப் படியில் கால் வைத்தபோது பார்த்தேன். தாடி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார், மடியில் அதே டிரம்பெட். அவரும் என்னைப் பார்த்தார். டிரம்பெட் மடியைவிட்டு எழவில்லை. சட்டப்படி அதுதான் சரி. யாருக்கும் வரவேற்பு மெட்டு கூடாது என்ற உத்தரவில் நானேதான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

“பர்மிஷன் யார் பேர்ல?”

“நம்ம பேர்லதான் மேடம். இப்ப குழு நம்மதுதான்.” எழுந்து நின்று தாளை நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். பெயர், முகவரி, பாட்டு லிஸ்ட், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசிக்கு முந்தின கட்டத்தில், விண்ணப்பதாரர்மேல் இதற்குமுன் வழக்கு ஏதாவது உண்டா என்ற கேள்வி. பெரும்பாலும் எல்லோரும் அங்கே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். அவர் எழுதியிருந்தார்: ‘உண்டு. ஒன்று. தானாகவே மெட்டு வாசித்தது.’

தானாகவே. நான் சொன்ன சொல். தாளை மடித்தேன். பாடிக்கொண்டிருந்த பெண், இசைக்காரர்கள், போலீஸ்காரர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஒன்றைக் கேட்டேன். வேறு எதைக் கேட்கவும் தைரியம் வரவில்லை. அவருடைய நாற்காலி ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் இல்லை. மேடையின் முன் ஓரத்தில், பாடுகிற பெண்ணுக்கும் முன்னால், வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது.

“முன்னாடி வந்துட்டீங்களா பாய்? இங்க ஒக்காந்தா உங்க சத்தம் மத்தவங்கள அமுக்காதா?”

“கொஞ்சம் அமுக்கும் மேடம்” என்றார். “பரவால்ல. வாசல இப்ப நானே பாத்துக்கறேன்.”

தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். ஜீப்பில் உட்கார்ந்து ரிப்போர்ட்டில் ‘மீறல் எதுவும் இல்லை’ என்று எழுதினேன். ஓனர் மெச்சிய அதே கையெழுத்தில்.